தேறலும் தெளுவும்

கொல்லிமலைக் காட்டு வழியில் ஒரு பாணர் கூட்டம் பசியோடு வருகிறது. எதிரே ஒரு வேடன். அவன் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைச் சாய்த்து, மானையும் பன்றியையும் உருவிக்கொண்டு போய், புற்றிலிருந்த உடும்பில் தைத்து நின்றிருக்கிறது. ஆள் யாரென்று தெரியாமலே பாணர்கள் பாட ஆரம்பிக்கிறார்கள். பாட்டில் தன் பெயரே வந்ததும் வேடனுக்கு வெட்கம். அவன்தான் வல்வில் ஓரி. மான் இறைச்சியைப் புழுக்கிக் கொடுக்கிறான்; தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான்; குடிக்கவும் கொடுக்கிறான். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லும் கதை இது. அந்த மதுவுக்கு அவர் சொல்கிற உவமை ஒன்று போதும், ஒரு கட்டுரைக்கு: உருக்கிய பசுநெய்யைப் போல இருந்ததாம்.

புதுக்கள் அப்படி இருக்காது. அது சுண்ணாம்பு கரைத்த தண்ணீர்போல வெள்ளையாக இருக்கும், நுரைக்கும், விளிம்பில் எறும்பும் ஈயும் மிதக்கும். நெய் உருகிய நிறமும் பளபளப்பும் வர வேண்டுமானால் பானம் அசையாமல் கிடந்திருக்க வேண்டும். கசடெல்லாம் அடியில் படிந்திருக்க வேண்டும். ஓரி கொடுத்தது அன்று காலையில் இறக்கியது என்று நம்ப முடியவில்லை. யாரோ, எங்கோ, காத்திருந்திருக்கிறார்கள்.

எங்கே காத்திருந்தார்கள் என்பதற்கு அதே புறநானூறு வேறொரு மலையைக் காட்டுகிறது. பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய 120ஆம் பாட்டு. வரகு விளைகிறது, தினை அறுபடுகிறது, எள் முற்றுகிறது, அவரை காய்க்கிறது. பிறகு நிலத்துக்குள் புதைத்துவைத்து முதிரவிட்ட மதுவை எடுக்கிறார்கள். எடுத்து அரண்மனைக்கு அனுப்பவில்லை. புல் வேய்ந்த குடிசைகளுக்கு வீடு வீடாகப் பகிர்கிறார்கள். மலைபடுகடாம் காட்டும் மலைக்குடிகள் பெரிய மூங்கில் குழாயில் ஊற்றி அடைத்து முதிரவைத்தார்கள். மூங்கிலுக்கு விலை கிடையாது, குழிக்கும் கிடையாது. இன்று மேல்நாட்டுச் சீமான்கள் நிலவறை கட்டி, பூட்டுப் போட்டு, கணக்கெழுதிச் செய்கிற காரியத்தை, வரகுச்சோறு தின்றவர்கள் மண்வெட்டியோடு செய்து முடித்திருக்கிறார்கள்.

கபிலரின் அந்தப் பாட்டில் முதிர்ந்த மதுவைச் சொல்லும் வினை ‘பழுநுதல்’. பழம் என்ற சொல்லும், பழமை என்ற சொல்லும், பழுத்தல் என்ற சொல்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல ஒலிப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. மரத்தில் கனிந்ததும் பழம். வருஷம் ஓடிப்போனதும் பழசு. தமிழனின் நாக்கில் இரண்டும் ஒட்டியே கிடக்கின்றன. ஆனால் வீட்டில் புழங்கும் வேறு சொற்கள் இதற்கு நேரெதிராகச் சாட்சி சொல்கின்றன. சோறு ஊசிப்போகிறது, மாவு புளித்துப்போகிறது, எண்ணெய் சிக்குநாற்றம் அடிக்கிறது, மருந்து நாள்பட்டுப் போகிறது. காலம் ஒரே காலம்தான். ஒன்றைக் கனியவைக்கிறது, பக்கத்துச் சட்டியில் இருப்பதைக் கெடுக்கிறது. ஏன்?

சமையலறைக் கேள்விபோலத் தோன்றினாலும் இது சமயத்தின் பழைய வழக்குகளில் ஒன்று. உயிரைக் காலம் பக்குவப்படுத்துமா என்பதுதான் அதன் முழு வடிவம்.

முதலில் சட்டியைப் பார்த்துவிடலாம். திராட்சை ஒயின் எல்லாமே வைக்க வைக்க நன்றாகும் என்பது பரவலான மூடநம்பிக்கை. உலகில் விற்கும் ஒயினில் மிகப்பெரும் பங்கு ஓரிரு வருஷத்துக்குள் குடித்துவிட வேண்டியது. அதற்கு மேல் வைத்தால் பழவாசம் போய் வெறும் புளிப்புத் தண்ணீர் மிஞ்சும். தாக்குப்பிடிப்பவை சில வகைகள்தாம். அவற்றிடம் பிறவியிலேயே ஏதாவது ஒரு பலம் இருக்க வேண்டும்: நல்ல புளிப்பு, அல்லது திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வரும் துவர்ப்பு, அல்லது நிறைய இனிப்பு. செருமனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங், பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு ஷெனான் பிளாங் ஆகியவற்றின் சாதாரணப் புட்டிகள்கூட, பெரிய விலை இல்லாமலே, பத்து வருஷம் கிடந்து தேறுவது இந்தப் புளிப்பால்தான். சிவப்பு ஒயினில் துவர்ப்புச் சத்தான டானின்கள் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிதாகி, கனம் தாளாமல் வண்டலாக அடியில் இறங்குகின்றன. வாயைச் சுருக்கும் முரட்டுத்தனம் குறைகிறது. வேண்டியதெல்லாம் சுமார் 12, 13 டிகிரி குளிர்ச்சி, இருட்டு, ஆட்டாத அசைக்காத இடம், தக்கை வழியாக நூலளவு காற்று. வெப்பம் ஏறி இறங்கினால் கதை முடிந்தது. பறம்பு மலை இருக்கும் சிவகங்கைச் சீமையில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தக் குளிர்ச்சி வராது. ஆனாலும் இரவுக்கும் பகலுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரே சூடு மண்ணுக்குள் கிடைக்கும். கபிலர் பார்த்த குடிகள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

விதிவிலக்காக ஒரு முரட்டுப் பிள்ளையும் உண்டு. அட்லாண்டிக் தீவான மதேராவின் ஒயின், இந்தியாவுக்குப் போகும் கப்பல்களின் அடித்தளத்தில் வெப்பமண்டலத்துச் சூட்டில் வெந்து, அலையில் குலுங்கி, திரும்பி வந்தபோது முன்பைவிட நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே கப்பலேற்றி அனுப்பினார்கள். நூறு வருஷத்து மதேரா இன்றும் குடிக்கத் தக்கதாக இருக்கிறது. நோகாமல் வைத்தால் முதிர்வது ஒரு ஜாதி, அடிபட்டால் முதிர்வது ஒரு ஜாதி. மனிதரிலும் இரண்டு ஜாதியும் உண்டு.

இனி வழக்குக்கு வரலாம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் சிவஞானபோதத்தைச் சொல்லி முடித்தார். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் அதை விரித்துச் சிவஞான சித்தியார் எழுதினார். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் என்பது உயிரோடு என்றைக்கும் ஒட்டிக்கிடக்கும் களிம்பு. அது ஒருநாள் கழலும் பதத்துக்கு வருகிறது. அதற்கு மலபரிபாகம் என்று பெயர். அந்தப் பதம் வந்த பிறகுதான் அருள் பதிகிறது. பழைய சைவ ஆசிரியர்கள் இதற்குக் கண்புரையை உவமை சொன்னார்கள்: முற்றாத புரையில் வைத்தியன் கை வைப்பதில்லை. ‘பரிபாகம்’, ‘பக்குவம்’ இரண்டுமே அடுப்படியிலிருந்து வந்த சொற்கள். வேகுதல்தான் அடிப்பொருள்.

அப்படியானால் சும்மா காத்திருந்தால் போதுமா, காலம் பார்த்துக்கொள்ளுமா? இங்கேதான் சித்தாந்தம் கறாராக இருக்கிறது. அதன் 36 தத்துவங்களில் காலமும் ஒன்று. மாயையிலிருந்து பிறந்த பொருள், அறிவில்லாத சடம். எல்லாத் தொழிலையும் காலம்தானே செய்கிறது, வேறு கடவுள் எதற்கு என்று கேட்பவனைச் சித்தியார் முன்னால் நிறுத்திப் பதில் சொல்கிறது: காலம் அறிவற்றது, கர்த்தா ஒருவன் செயலால்தான் அது வருகிறது போகிறது. மண்பானையில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காதவனுக்குக் காலம் மதுவைத் தராது, காடியைத்தான் தரும். மூடி இறுகியிருக்கிறதா, எறும்பு ஏறியதா, மழைத்தண்ணீர் குழிக்குள் இறங்கியதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

இன்னொரு கொள்கையும் இதில் வந்து சேர்கிறது. சற்காரியவாதம்: இல்லாதது தோன்றாது, காரணத்தில் ஒளிந்திருப்பதே காரியமாக வெளிப்படும். புளிப்பும் துவர்ப்பும் இல்லாத ஒயினை இருபது வருஷம் புதைத்தாலும் அது ரீஸ்லிங் ஆகாததற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது. பௌத்தர் குறுக்கே கேட்பார்: கணத்துக்குக் கணம் எல்லாம் அழிந்து புதிதாகிறது என்றால், போன வருஷம் புதைத்ததும் இன்று எடுத்ததும் ஒரே மதுதானா? பழுத்தது எது? பிற சமயங்களை மறுக்கும் பகுதியான சித்தியாரின் பரபக்கம் இந்தக் கட்சியோடு மல்லுக்கட்டுகிறது. நேர்மையாகச் சொன்னால், பானைக்கு முன்னால் உட்கார்ந்து யோசிக்கும்போது பௌத்தர் கேள்விக்கு அவ்வளவு எளிதில் வாய் அடைவதில்லை.

அதே 13ஆம் நூற்றாண்டில், கடலுக்கு அப்பால், தாமஸ் அக்குவினாஸ் ஏறக்குறைய இதே கேள்வியைப் பலிபீடத்தின் மேல் வைத்துக் கேட்டார். நற்கருணைக்குக் காடியைப் பயன்படுத்தலாமா? கூடாது, அது கெட்டுப்போன ஒயின், ஒயினே இல்லை. பழுக்காத திராட்சையின் சாறு? அதுவும் கூடாது, அது இன்னும் ஒயின் ஆகவில்லை. பிழிந்தவுடன் கிடைக்கும் பழச்சாறு? அதில் ஒயினின் இயல்பு ஏற்கெனவே இருப்பதால் செல்லும். இருபுறமும் வேலி போட்டு நடுவில் ஒரு துண்டுக் காலத்தை மட்டும் ‘இது ஒயின்’ என்று ஒதுக்குகிறார். 1983இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதியும் திராட்சையிலிருந்து வந்த இயற்கையான, கெட்டுப்போகாத ஒயின் என்றே கேட்கிறது. லூக்கா நற்செய்தியில் பழையதைக் குடித்தவன் புதியதை விரும்புவதில்லை என்று வருகிறது. யோவானில் கானாவூர்க் கல்யாண வீட்டில் ஆறு கல்தொட்டித் தண்ணீர் ஒரு நொடியில் மதுவாகிறது, பந்தி மேற்பார்வையாளன் அதை ருசித்து நல்லதை ஏன் இதுவரை வைத்திருந்தாய் என்கிறான். கிடந்து முதிர்ந்ததாக அவன் நினைத்துவிட்டான். அகுஸ்தீன் இதற்குச் சொன்ன விளக்கம் அழகானது: மழைத்தண்ணீரைத் திராட்சைக் கொடி வழியாக வருஷாவருஷம் மதுவாக்குகிறவன்தான் அன்றைக்கும் செய்தான், சற்று வேகமாக. ஆண்டவனுக்குக் காலம் தேவைப்படுவதில்லை, கொடிக்குத் தேவைப்படுகிறது.

மறுபடி சொல்லுக்கு. முதிர்ந்து தெளிந்த மதுவுக்குச் சங்கத் தமிழ் வைத்த பெயர் தேறல். நோயாளி தேறுகிறான், பையன் பரீட்சையில் தேறுகிறான், செத்த வீட்டில் மனதைத் தேற்றுகிறார்கள். எல்லாம் அதே தேறுதான். கசடு கீழே போய், மேலே தெளிந்து நிற்பது. கொல்லிமலையை விட்டு இறங்கிச் சேலம், நாமக்கல், ஈரோட்டுப் பக்கம் வந்தால் இன்னொரு சொல் காத்திருக்கிறது. மற்ற ஊர்களில் பதநீர் என்பதைக் கொங்கு நாட்டில் தெளுவு என்பார்கள். தெளிவுதான் வாயில் புரண்டு தெளுவு ஆயிற்று. ஒரே மரம், ஒரே பாளை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் விடியலில் தெளுவு இறங்கும். சுண்ணாம்பு இல்லாத கலயம் என்றால் கள். விரலால் ஒரு வழி வழித்த சுண்ணாம்பு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, தமிழில் தெளிவு என்ற பட்டத்துக்கு இரண்டு பேர் வழக்காடுகிறார்கள். ஒருவர் நுரைத்துப் பொங்கி அடங்கியவர். மற்றவர் நுரைக்கவே விடாதவர்.

வள்ளுவர் இரண்டாமவர் பக்கம். கள்ளுண்ணாமை என்று 93ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். குடிக்காத நேரத்தில் இன்னொரு குடிகாரனைப் பார்க்கிறவன், தானும் குடித்தால் இப்படித்தானே கிடப்போம் என்று நினைத்துப் பார்க்க மாட்டானா என்று அதிகாரத்தை முடிக்கிறார். கோபத்தைவிட வியப்பு அதிகம் தெரியும் வரி அது. திருமூலரும் திருமந்திரத்தில் அதே தலைப்பில் பாடினார். சிவானந்தம்தான் உண்மையான மது, மற்றது மயக்கம் என்பது அவர் கட்சி. கவனித்தால், திருமூலர் போதையை விட்டுவிடவில்லை, முகவரியை மாற்றியிருக்கிறார். தமிழ் ஊர்களில், எல்லைச்சாமி கருப்புக்குச் சாராயமும் சுருட்டும் படைத்துக் கும்பிடுகிறவர் சித்தாந்தியும் இல்லை, வள்ளுவர் சொல் கேட்டவரும் இல்லை. ஆனால் அவரும் பக்திமான்தான். இந்த முரணை எந்தச் சாத்திரமும் தீர்த்துவைத்ததாகத் தெரியவில்லை.

வரலாறு இதில் ஒரு கூத்தும் செய்திருக்கிறது. ஓரி மது வார்த்த கொல்லிமலை இருக்கும் இன்றைய நாமக்கல் மாவட்டத்தில்தான், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், 1925 பிப்ரவரி 6 அன்று ராஜாஜியின் காந்தி ஆசிரமம் தொடங்கியது. அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகை வந்தது. அதில் அவருக்குக் கைகொடுத்தவர் எழுத்தாளர் கல்கி. 1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1 அன்று, முதன்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டம் சேலம். நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. அதுவரை சேலத்துக்குள் அடக்கம். கள்ளுக்கடை வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் கொண்டுவந்த விற்பனை வரி, மதுவிலக்கு போன பிறகும் போகவில்லை என்பது இடையில் சொல்லிவைக்க வேண்டிய செய்தி. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. கள்ளுக்கோ 1987லிருந்து தடை நீடிக்கிறது.

ராஜாஜிக்கு முன்னால் இருந்தது ஓரியின் தேறல் இல்லை. அன்று காலையில் இறக்கி, உச்சிக்குள் புளித்து, சாயங்காலம் கூலிக்காசோடு தீர்ந்துபோகும் கள். அதற்கும் பொறுமை கிடையாது, அதைக் குடிப்பவனுக்கும் இல்லை. பனங்கள்ளோ தென்னங்கள்ளோ, காற்றுப்பட இரண்டு நாள் வைத்தால் காடிதான். புதைத்துப் பழுக்கவைக்க மனம் வேண்டும். அதற்கு முன்னால், இன்றைய பசியும் கடனும் நாளை வரைக்கும் பொறுக்கிற நிலைமை வேண்டும். ஏழைக்கு எட்டும் விலை என்று பேசுகிறவர்கள் புட்டியின் விலையைத்தான் பார்க்கிறார்கள். காத்திருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. பறம்பின் குடிசைக்காரர்களால் அதைக் கொடுக்க முடிந்திருக்கிறது, ஏனென்றால் வரகும் தினையும் அவரையும் வீட்டுக்குள் வந்த பிறகே அவர்கள் குழியைத் திறந்தார்கள்.

இன்று கடையில் விற்கும் மலிவான பிராந்தியைத் தூக்கிப் பார்த்தால் செம்பொன் நிறம் ஜொலிக்கும். மரப்பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்தால் வரும் நிறம். பெரும்பாலும் இது சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த நிறமற்ற சாராயம். அதில் கருக்கிய சர்க்கரையையும் வாசனையையும் கலந்திருக்கிறார்கள். முதுமைக்குச் சாயம் பூசிவிட்டார்கள். ஓரியின் மது நெய் நிறத்தில் இருந்ததற்குக் காரணம் கிடந்தது. இதற்குக் காரணம் கலந்தது. அதற்கும் கீழே ஒரு படி உண்டு. 2024 ஜூனில், கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் தலைநகரிலேயே, கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த மெத்தனால் புளித்து முதிர்ந்து வந்ததில்லை, தொழிற்சாலைப் பீப்பாயிலிருந்து வந்தது. விளைச்சலே இல்லாத மது.

கொல்லிமலையிலேயே மனிதர் முதிர்ந்த கதை ஒன்று இருக்கிறது. ஜெஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி இந்த மலையில் குடியேறி மருத்துவமும் கல்வியும் கொடுத்தார்கள். தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவைக்காக உலகம் அறிந்த டாக்டர் பால் பிராண்ட், 1914இல் பிறந்து இங்கே வளர்ந்த அவர்களுடைய மகன். 1929இல் ஜெஸி காய்ச்சலில் இறந்தார். ஈவ்லினுக்கு எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் ஓய்வு கொடுத்தது. அம்மையார் ஓய்வை வாங்கிக்கொண்டு மறுபடி மலைக்கே வந்துவிட்டார். மட்டக்குதிரை மேல் ஊர் ஊராகப் போய், கணவனோடு சேர்ந்து தொட முடியாமல் விட்ட மலைகளுக்கும் ஏறினார். 1974இல், 95 வயதில் மறைந்தார். மதேரா ஜாதி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சித்தாந்தி விடமாட்டார்: உள்ளே இருந்ததுதான் வெளியே வந்தது என்பார். பௌத்தர், ஏறியவர் வேறு இறந்தவர் வேறு என்பார்.

கொல்லிமலை என்றதும் தமிழ்நாட்டுக்கு நினைவு வருவது சித்தர்களும் மூலிகையும். காலத்தைப் பற்றிய மிகத் துல்லியமான கணக்கு வைத்திருப்பவர்களும் அந்த மருத்துவர்களே. சித்த மருத்துவ மரபில் குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். சூரணத்துக்கு 3 மாதம், இளகத்துக்கு 6 மாதம். செந்தூரத்துக்கு 75 வருஷம், பற்பத்துக்கு 100, சுண்ணத்துக்கு 500. எவ்வளவு நெருப்பைத் தாண்டியதோ அவ்வளவு காலம் தாங்கும் என்று இதைப் படிக்கலாம். ஆயுர்வேதத்தின் சார்ங்கதர சம்ஹிதை இன்னும் ஒருபடி போகிறது: புளிக்கவைத்த ஆசவங்களும், உலோக, ரச மருந்துகளும் பழசானால் குணம் கூடும்; மற்ற சரக்குகள் புதிதாகவே வேண்டும், வாய்விடங்கம், திப்பிலி, வெல்லம், மல்லி, நெய், தேன் நீங்கலாக. தேன் அந்தப் பட்டியலில் இருப்பது இந்த மலைக்குப் பொருத்தம்.

செம்மேட்டில், அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில், தேன் புட்டிகளை வரிசையாக அடுக்கி விற்கிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றி ஏறி வந்தவர் ஒரு புட்டியை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துச் சாய்த்துப் பார்க்கிறார். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு வெண்மணலாக உறைந்திருக்கிறது. நல்ல தேன் நாள்பட்டால் அதிலுள்ள குளுக்கோஸ் அப்படித்தான் மணி கட்டும். “சர்க்கரைப் பாகு கலந்திருக்கீங்க போல” என்கிறார் வந்தவர். “பழைய தேன் சாமி, உறையும்” என்கிறார் கடைக்காரர். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்திலிருந்த, தண்ணியாக ஓடுகிற புதுப்புட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். கடைக்காரர் உறைந்ததைத் துணியால் ஒருமுறை துடைத்து, பின்வரிசைக்குத் தள்ளிவைக்கிறார்.